அவர்கள் அழுத இடம்

லிதோரி, மானி
1931 மார்ச் 24

அரெத்தி அக்காவுக்கு டியமாந்தா எழுதுவது.

நீ சாப்பிடாமல் போய்விட்டாய். என் புருஷனின் ஆறாம் மாத நினைவு நாளுக்கென்று பிரேயஸ் பட்டணத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவள், நான் கல்லறை முன்னால் ஒப்பாரியை முடிப்பதற்குள் எழுந்து, பாவாடையை உதறிக்கொண்டு, செத்தவர் பேரில் வேகவைத்த கோதுமையில் ஒரு பிடிகூட வாயில் போடாமல் துறைக்கு இறங்கிவிட்டாய். எல்லோரும் பார்த்தார்கள். என் நாத்தனார் கனெல்லா கேட்டாள், "உங்க அக்காவுக்கு எங்க வலிக்குது, வயித்துலயா, மனசாட்சியிலயா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூடப் பிறந்தவளுக்காகத் தலை குனிவது எனக்குப் புதிதாக இருந்தது.

எனக்கு இரண்டாம் வகுப்புப் படிப்பு. சுற்றிவளைத்து எழுத வராது. நான் உன் புருஷனைப் பற்றிப் பாடினேன், அது உனக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன பொய்யா பாடினேன்? போன செப்டம்பரில் காடை பிடிக்க மலை விளிம்புக்குப் போனவர்கள் இரண்டு பேர். வலையின் ஒரு கழி என் பனாகோஸ் கையில், இன்னொரு கழி காடைக்கென்று வந்திருந்த உன் புருஷன் தோதோரிஸ் அத்தான் கையில். திரும்பி வந்தது அத்தான் மட்டும். நான் மேல் வரப்பில் ரொட்டிக் கூடையோடு வந்துகொண்டிருந்தேன். பனாகோஸ் விளிம்பிலிருந்து சரிந்தார், ஒரு கையைத் தூக்கினார். அத்தான் தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததைப் பாடாமல் வேறு எதைப் பாடுவது? செத்தவருக்கு வாய் இல்லை, நான்தானே வாய்.

கொழுந்தன் லியாஸ் இன்னும் தாடியை எடுக்கவில்லை. நெஞ்சு வரை வந்துவிட்டது. அண்ணனுக்காகப் பழி தீர்க்கும்வரை எடுக்கமாட்டான். நீயும் இந்த மண்ணில் பிறந்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த முறை வந்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. இல்லையென்றால் வராதே.

டியமாந்தா


பிரேயஸ்
1931 ஏப்ரல் 19

அடி டியமாந்தா,

வலி வயிற்றிலும் இல்லை, மனசாட்சியிலும் இல்லை என்று கனெல்லாவிடம் சொல். எனக்கு இருந்தது பயம். நீ பாடியதைக் கேட்டு அங்கே உட்கார முடியவில்லை. கோபித்துக்கொண்டு போனேன் என்று நீ நினைத்தால் அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடாமல் ஒரு தடவை முழுவதும் படி. மெதுவாகப் படி, நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

அடக்கத்துக்கு வந்தேன். நாற்பதாம் நாளுக்கு வந்தேன். ஆறாம் மாதத்துக்கு வந்தேன். மூன்று தடவையும் உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அடக்கத்தன்று நீ காற்றைப் பாடினாய். பனாகோஸ் செருப்பின் வார் அறுந்ததைப் பாடினாய். வெயில் உன் கண்ணைக் கட்டிவிட்டது என்று பாடினாய். பெண்கள் அழுதார்கள், எந்தச் சாவுக்கும் அழுவது போல. கனெல்லா மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பின்பாட்டு எடுக்க யாரும் இல்லை, பாட்டு அறுந்து தொங்கியது. அப்போதுதான் உன் வாயிலிருந்து அது வந்தது, "கூட நின்னவன் கை எங்கே?" கேள்விதான் அது. குற்றம் சாட்டவில்லை நீ. தவிக்கிறவள் ஆயிரம் கேட்பாள், கடவுளையே கேட்பாள். ஆனால் அந்த வரிக்கு எல்லோரும் ஒரே மூச்சில் "ஓ!" என்றார்கள். கனெல்லா மோதிரத்தை விட்டுவிட்டு நெஞ்சில் அறைந்துகொண்டாள். நீ அந்த வரியை மறுபடி பாடினாய்.

நாற்பதாம் நாளில் அது கேள்வியாக இல்லை. கை தாமதமாக வந்தது என்று பாடினாய். அதற்கு இன்னும் பெரிய "ஓ!" ஆறாம் மாதத்தில் கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. காற்றும் இல்லை, செருப்பும் இல்லை, வெயிலும் இல்லை. எங்கே அவர்கள் அழவில்லையோ அதெல்லாம் உதிர்ந்துவிட்டது. எங்கே அழுதார்களோ அது மட்டும் வளர்ந்து நிற்கிறது.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. சண்டைக்கு வராதே. நான் சொல்வது பொய்யை விட மோசமானது.

என் கதையைக் கேள். நான் இங்கே சந்தையில் கூவி மீன் விற்கிறேன். ஒரு நாள் உன் அத்தான் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கேடி கத்துக்கிட்ட இந்த மூக்குக் குரலை? நாடகத்துல கிழவி வேஷம் போட்ட மாதிரி இருக்கு!" நான் எங்கே கற்றேன்? மூக்கால் கூவ வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் குரல் எனக்குத் தெரியாதா என்று அவரிடம் சண்டை போட்டேன். பக்கத்துக் கடைக்காரி சொன்னாள், "வந்த புதுசுல நல்லாத்தான் கூவினே அரெத்தி. போகப் போக மூக்குக்கு ஏறிடுச்சு." ஏன் ஏறியது? அந்தக் குரலுக்குத்தான் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் தீர்மானிக்கவில்லை. திரும்பிய தலைகள் என் தொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டன. எனக்கு மட்டும் தெரியவில்லை.

உனக்கும் அதுதான் நடக்கிறது. எனக்கு மீன் விலைபோயிற்று. உனக்கு ஒரு ஆளின் உயிர் போகப் போகிறது.

அடக்கம் முடிந்த சாயங்காலம் நீ என் மடியில் தலை வைத்துச் சொன்னதை மறந்துவிட்டாயா? "ஒண்ணுமே தெரியலக்கா. வெயில்தான் தெரிஞ்சுது." அந்த வரியை விட்டுவிடு. உன் காலைப் பிடிக்கிறேன்.

அரெத்தி


லிதோரி
1931 மே 30

அரெத்தி,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. மூன்று நாள் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

என் புருஷன் சாவை மீனோடு சேர்த்து எழுதினாயே. சந்தைக்காரி ஆகிவிட்டாய். உனக்குப் புருஷன் இருக்கிறார், அவரைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு என் கண்ணைக் குருடாக்குகிறாய். உன் மடியில் என்ன சொன்னேனோ எனக்கு நினைவில்லை. அன்றைக்கு நான் ஆளாக இருந்தேனா? அப்போது புத்தி கலங்கியிருந்தது. இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெளிகிறது.

நீ ஊரைப் பழிக்கிறாய், அதனால் சொல்கிறேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் எங்கே உட்கார்ந்தேன் தெரியுமா? கதவுப் பக்கம். வயிறு திறக்காதவளுக்கு அதுதான் இடம். சாவு வீட்டில் மற்றவர்கள் பாடுவார்கள், நான் அவர்கள் தொண்டைக்குத் தண்ணீர்க் குடம் சுமப்பேன். பனாகோஸ் இருந்தவரை எனக்கு அது உறைக்கவில்லை. அவர் கண்ணாலேயே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். அவர் போன பிறகு ஒரு வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அடுப்பு மூட்டவில்லை. ஊறவைத்த கசப்புப் பயறு அப்படியே புளித்துப் போயிற்று.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் பெண்கள் வருகிறார்கள். என்னைக் கல்லறையின் தலைமாட்டில் உட்கார வைக்கிறார்கள். கனெல்லா பாலாடைக்கட்டி கொண்டுவருகிறாள், உப்புப் பன்றிக் கண்டம் கொண்டுவருகிறாள். என் தோளில் கை போட்டுக்கொள்கிறாள். "அந்த இடத்தைச் சொல்லு டியமாந்தா, அந்த இடத்தை" என்கிறாள். நான் சொல்லும்போது அத்தனை பேரும் என்னோடு மூச்சு விடுகிறார்கள். அந்த ஒரு நேரம்தான் எனக்கு நெஞ்சு வலிப்பதில்லை. நீ பிரேயஸில் இருக்கிறாய். என் நெஞ்சை யார் பிடித்துக்கொள்வது?

பாட்டு வளர்கிறது என்று எழுதினாய். வளரத்தான் செய்யும், நினைவு வருகிறதே. அத்தானின் சட்டைக் கை முழங்கை வரை சுருட்டியிருந்தது. விரலில் மோதிரம் இருந்தது. போன சனிக்கிழமை இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது. நான் அதைப் பாடியபோது போதகர் மனைவி மயங்கி விழுந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினோம்.

கீழே காவல் நிலையத்தில் விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். இங்கே யாரும் மூடவில்லை. லியாஸ் நேற்று வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை, மரியாதைக்கு. "அண்ணி, ஆண்டு நினைவு நாள்ல ஊர் முன்னாடி தெளிவா ஒரு தடவை பாடிடுங்க. அதுக்கு அப்புறம் என் வேலை. நீங்க பாக்கவே வேணாம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் காபிக் கடைக்குள் நுழைந்தால் இப்போது பெரிய ஆட்கள்கூட எழுந்து நாற்காலி தருகிறார்கள். முன்பு அவனைக் கழுதைக்காரன் என்று கூப்பிட்டவர்கள்.

அத்தானை மானி பக்கம் வர வேண்டாம் என்று சொல். இதைச் சொல்வது உனக்காக. அவருக்காக இல்லை.

டியமாந்தா


பிரேயஸ்
1931 ஆகஸ்ட் 9

டியமாந்தா,

உன் கடிதத்தை அத்தான் படித்துவிட்டார். மாவுப் பானைக்குள் ஒளித்திருந்தேன், ரொட்டிக்கு நான் மாவு எடுக்கும்போது பார்த்துவிட்டார். எழுத்துக் கூட்டி, வாய் அசைத்து, முழுவதும் படித்தார். பிறகு என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா?

"அரெத்தி, நான் சிரிச்சேனா?"

"பைத்தியமா உங்களுக்கு?" என்றேன்.

"இல்ல, பயத்துல சில பேருக்கு வாய் கோணும். எனக்குக் கோணியிருக்குமோ?"

அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிப் பார்க்கிறார். படகில் கயிறு பிடிக்கும்போது வலது கையையே பார்க்கிறாராம், கூட்டாளிகள் சொன்னார்கள். கை நீட்டினேன், எட்டவில்லை என்றுதான் இத்தனை மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது "நீட்டினேன்னுதான் நெனைக்கிறேன்" என்கிறார். நெனைக்கிறாராம்! நீ அங்கே பாடப் பாட இங்கே இவர் நினைவு கரைகிறது.

ஆண்டு நினைவு நாளுக்கு வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். "நான் போகலைன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பனாகோஸ் எனக்குச் சகலை மட்டுமில்ல, சோத்துல பங்கு போட்டவன். அவன் கோதுமையைச் சாப்பிடாம எப்படி?" அழுதேன், கத்தினேன், செருப்பை ஒளித்தேன். மனிதர் கேட்கவில்லை.

இனி உன்னிடம் வாதாட மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அன்றைக்கு நின்ற இடத்துக்குப் போ. அன்றைக்குப் போன அதே நேரத்துக்குப் போ. யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. கனெல்லாவை மட்டும் கூட்டிக்கொண்டு போகவே போகாதே. அங்கே நின்று, முதலிலிருந்து, வாய்விட்டுப் பாடு. "ஓ" சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஒரு தடவை பாடிப் பார். அப்போதும் அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போனால், நான் வாயை மூடிக்கொள்கிறேன். என் புருஷனுக்கு நானே கருப்புத் துணி எடுத்து வைக்கிறேன்.

போவாயா?

அரெத்தி


லிதோரி
1931 ஆகஸ்ட் 27

அக்கா,

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் வாயை அடைக்க வேண்டும் என்று போனேன்.

காலையில், வெயில் கடலிலிருந்து ஏறிய நேரத்துக்குப் போனேன். கூடையையும் எடுத்துக்கொண்டேன், அன்றைக்குப் போல இருக்கட்டும் என்று. மேல் வரப்பில் நின்று பாட ஆரம்பித்தேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அவர் பேரைச் சொன்னேன், வலையைச் சொன்னேன், காடை வந்ததைச் சொன்னேன். அந்த இடம் வந்தது. நான் நின்றுவிட்டேன்.

எதற்கு நிற்கிறேன் என்று தெரியவில்லை. வரி மறக்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, காது விறைத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நான் அவர்கள் "ஓ" சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். சோற்றுத் தட்டின் சத்தத்துக்கு நாய் நிற்பது போல நின்றுகொண்டிருந்தேன் அக்கா. ஒரு ஆடு தும்மியது. வேறு ஒன்றும் இல்லை.

மறுபடி பாடினேன். மறுபடியும் அங்கேயே நின்றது. மூன்றாவது தடவை பாட்டை விட்டுவிட்டு, பேச்சாகச் சொன்னேன். "பனாகோஸ் சரிஞ்சார். அத்தான்..." அதற்கு மேல் வரவில்லை. அத்தான் என்ன செய்தார்?

கூடையைக் கொண்டுபோய் விளிம்பில், அவர்கள் நின்ற இடத்தில் வைத்தேன். வரப்புக்கு ஏறி வந்து திரும்பிப் பார்த்தேன். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கீழே கருப்பாக ஒன்று தெரிந்தது. கூடையா, கல்லா, உட்கார்ந்திருக்கும் ஆளா என்று சொல்ல முடியவில்லை. நான் எங்கிருந்து மோதிரத்தைப் பார்த்தேன்? எங்கிருந்து உதட்டைப் பார்த்தேன்?

ஆனால் கண்ணை மூடினால் இப்போதும் அந்தக் கை தெரிகிறது. மோதிரத்தோடு, சுருட்டிய சட்டையோடு, பளிச்சென்று தெரிகிறது. தெரிந்திருக்க முடியாதது தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. எது நான் பார்த்தது, எது அவர்கள் எனக்குக் கொடுத்தது? கை நீண்டதா? அதையும் என்னால் சத்தியம் செய்ய முடியாது, கேட்டுக்கொள். உன் புருஷன் நல்லவர் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்று எழுதுகிறேன்.

என் புருஷனை நான் கடைசியாகப் பார்த்த பார்வை அது. அதுவும் என்னிடம் இல்லை.

சனிக்கிழமை கனெல்லாவிடம் மெதுவாகச் சொன்னேன், "அன்னிக்கு வெயில் கண்ணுல அடிச்சுதுடி, ஒருவேளை நான்..." தோளில் இருந்த கையை எடுத்துவிட்டாள். "யார் உன் மனசைக் கலைச்சது? அந்த மீன்காரியா?" மற்றவர்கள் தலைத் துணியைச் சரி செய்துகொண்டார்கள். அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். பாலாடைக்கட்டியை மூட்டையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் என்ன நினைத்தேன் தெரியுமா? அடுத்த வாரம் பாடிவிடலாம் என்று நினைத்தேன். இத்தனை தெரிந்த பிறகும் நினைத்தேன். பாலாடைக்கட்டிக்காக இல்லை அக்கா. யாராவது பக்கத்தில் உட்காருவதற்காக.

அத்தானைப் பிடித்து வை. கட்டிப் போடு. லியாஸ் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுவிட்டான். எந்தக் கப்பல் எப்போது வரும் என்று துறையில் விசாரித்துவிட்டு வந்தான்.

டியமாந்தா


பிரேயஸ்
1931 செப்டம்பர் 11

டியமாந்தா,

போய்விட்டார். நான் சந்தையிலிருந்து வருவதற்குள் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த பயணிகள் கப்பல் நினைவு நாளுக்குப் பிறகுதான். இந்தக் கடிதம் அவரை முந்துமா பிந்துமா தெரியவில்லை. சரக்குப் படகில் வருகிற தெரிந்த மாலுமியிடம் கொடுத்து அனுப்புகிறேன், அதில் பெண்ணை ஏற்றமாட்டார்கள்.

நீ என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது. உன்னை நல்லவளாக இரு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் நான் உன்னை ஒரு தடவைகூட இங்கே கூப்பிட்டுக்கொள்ளவில்லை. அதற்கு என்னைத் திட்டு. அவரை விட்டுவிடு.

அரெத்தி


லிதோரி
1931 அக்டோபர் 18

அக்கா,

அத்தான் வந்து நடந்ததைச் சொல்லியிருப்பார். சொன்னாரோ இல்லையோ. அவர் சொல்வது அவர் பார்த்தது. நான் பார்த்ததையும் எழுதி வைக்கிறேன்.

பூசை முடிந்து கல்லறைக்கு வந்தோம். ஊர் முழுக்க இருந்தது. லியாஸ் மதிலில் சாய்ந்து நின்றான். வெயிலில் கம்பளி மேலங்கி போட்டிருந்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கனெல்லா என்னைத் தலைமாட்டில் உட்கார வைத்தாள். அன்றைக்குத் தோளில் கை வந்துவிட்டது, இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போது அத்தான் வாசலுக்குள் வந்தார். தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

நான் ஆரம்பித்தேன். காற்றைப் பாடினேன், வெயிலைப் பாடினேன், அறுந்த செருப்பைப் பாடினேன். அவர்கள் பொறுமையாக இருந்தார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்த இடம் வருவதற்கு முன்பே உடம்புகள் முன்னால் சாய்ந்தன. அதைப் பார்த்ததும் என் நாக்கு தானாகப் புறப்பட்டது. "கூட நின்னவன்..." வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது.

நான் நின்றேன். ஆனால் பாட்டு நிற்கவில்லை அக்கா. அவர்கள் பாடினார்கள். என் வரியை, என் குரலில் நான் இழுக்கிற இழுப்போடு, அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள். கை, மோதிரம், சிரிப்பு, ஒன்று விடாமல். நான் சும்மா இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அது என்னுடையதாக இல்லாமல் போய் எத்தனை நாளாயிற்றோ. லியாஸ் மதிலை விட்டு நகர்ந்தான்.

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. கோதுமைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கனெல்லாவின் கை வழுக்கி விழுந்தது. நேராக வாசலுக்குப் போய், லியாஸுக்கும் அத்தானுக்கும் நடுவில் நின்றேன்.

"அத்தான், கையை நீட்டுங்க."

தொப்பியைக் கீழே போட்டார். நீட்டினார். ஒரு பிடி கோதுமையை உள்ளங்கையில் வைத்து விரல்களை நானே மடக்கினேன்.

"அண்ணி, என்ன பண்றீங்க?" லியாஸ் எனக்குப் பின்னால் இருந்தான்.

"உங்க அண்ணன் பேர்ல சாப்பாடு போடறேன்."

"இவனுக்கா? பாத்தேன்னு சொன்னீங்களே! ஊர் முன்னாடி சொன்னீங்களே!"

"வெயிலைத்தான் பாத்தேன் லியாஸ். மத்தது பாட்டுல வந்துது."

"பாட்டுல எப்படி வரும்?"

"நீங்க எல்லாரும் அழுத இடத்துல நான் நின்னேன். நின்ன இடத்துல முளைச்சுது. எனக்கே தெரியல."

கனெல்லா கத்தினாள், "எங்க மேலயா போடறே? எங்க அண்ணனுக்கு ஒரு புள்ள பெத்துத் தரல, அவன் ரத்தத்தையும் வித்துட்டா, மலடி!" அந்த வார்த்தை ஒரு வருஷம் எங்கேயோ போயிருந்தது. திரும்பி வந்துவிட்டது.

அத்தான் சாப்பிட்டார். மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று. விதவை கையால் செத்தவர் கோதுமையைச் சாப்பிட்டவனைக் கல்லறை மண்ணில் யாரும் தொடமாட்டார்கள், அது லியாஸுக்கும் தெரியும். ஆனால் மண் வாசலோடு முடிகிறது. அதனால் துறை வரை நான் அத்தானுக்குப் பின்னால் நடந்தேன், முதுகோடு ஒட்டி. எனக்குப் பின்னால் லியாஸ். பாறைப் பாதையில் மூன்று பேர் செருப்புச் சத்தம்தான். வளைவுகளில் எல்லாம் என் முதுகு எரிந்தது.

படகில் ஏறும் முன் அத்தான் திரும்பினார். "டியமாந்தா, நீ பாத்தியே. உண்மையா என் கை எங்கே இருந்துச்சு? எனக்கு இப்ப ஞாபகமே வரல. சொல்லு." கெஞ்சினார். "தெரியாது அத்தான்" என்றேன். அறை வாங்கியது போல ஆயிற்று அவர் முகம். அதற்கு மேல் அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

படகு பாறைக்கு அந்தப் பக்கம் மறையும்வரை லியாஸ் கரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு என்னிடம் சொன்னான், "பொய்யாவே இருந்தாலும் ஒரு வருஷம் அதுக்குள்ளதான் வாழ்ந்தேன் அண்ணி. இனிமே எங்க போறது நான்?" கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் மேய்ச்சலுக்கு மலையேறினான், இன்னும் இறங்கவில்லை. தாடியை எடுத்தானா தெரியாது. அதனால் இந்த வருஷம் நீங்கள் இருவரும் இங்கே வர வேண்டாம்.

சனிக்கிழமைகளில் நான் தனியாகப் போகிறேன். பாடுவதில்லை. உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இதை முடித்துவிடலாம் என்று இருந்தேன். முந்தாநாள் ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். கீழ்த் தெருவில் போத்தா என்று ஒரு சின்னப் பெண், அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். நானும் போனேன். கதவுப் பக்கம் நின்றேன், குடத்தை வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குப் பாட வரவில்லை. காய்ச்சலைப் பாடினாள், போர்வையைப் பாடினாள், கிணற்றுத் தண்ணீரைப் பாடினாள். யாரும் பின்பாட்டு எடுக்கவில்லை. பிறகு, மருத்துவரைக் கூட்டி வரப் போன கொழுந்தனை நினைத்து, "குதிரை மெதுவாத்தான் வந்துதோ?" என்றாள்.

"ஓ!" என்று ஒரு குரல் கேட்டது.

அது என் குரல். என் வாய் எப்போது திறந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் தலையைத் தூக்கி, அத்தனை பேரில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே அதே வரியை மறுபடி பாடினாள்.

தலைத் துணியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். குடம் விழுந்து தண்ணீர் கொட்டியது. அவள் காத்திருந்தாள். என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றதும் அவள் கண் என்னை விட்டு நகர்ந்து, மற்ற முகங்களின் மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. எனக்குத் தலையை ஆட்டத்தான் முடிந்தது, வேண்டாம் வேண்டாம் என்று. அவள் பார்க்கவில்லை. முன்வரிசையில் கனெல்லா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டியமாந்தா